ஒரு சாண் முன்னால்

இருபத்தி மூன்று வருஷமாகக் கேமரா ரிப்பேர் செய்கிறேன். கெட்டுப்போனதைச் சரி செய்திருக்கிறேன். சரி செய்ய முடியாததை முடியாது என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நன்றாக இருந்த கேமராவை நானே உட்கார்ந்து கெடுத்தது ஒரே ஒரு தடவைதான். அதற்காக ஒரு மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்த மனிதருக்கு இன்றைக்கு வலது கண் இல்லை. கண் இருக்கிறது, பார்வை இல்லை.

கடை என்று சொன்னதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே பதினெட்டுப் படி ஏறி வந்தால் ஒரு அறை. ஒரு மேஜை, அதன் மேல் கழுத்து வளைகிற விளக்கு, மூடி போட்ட சின்னச் சின்ன டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் கீழே விழுந்தால் கண்டுபிடிக்கவே முடியாத திருகுகள். வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. எதிர்ச் சுவரில் ஒரு பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கும். அது படிப்பதற்கு இல்லை, ஃபோகஸ் பார்ப்பதற்கு. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி அந்தத் தாளைப் படம் எடுப்பேன். நடுவில் உள்ள பொடி எழுத்தைப் படிக்க முடிந்தால் கேமரா நல்லது, முடியாவிட்டால் திருகைக் கழற்று. அவ்வளவுதான் என் வைத்தியம்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேமராவைக் கீழே போட்டுவிட்டு, போடவே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்கள். தண்ணீரில் முக்கி எடுத்தவர்கூட, "சும்மாதாங்க வெச்சிருந்தேன், தானா நின்னுடுச்சு" என்பார். நான் மூடியைத் திறந்தால் உள்ளே இருந்து ஒரு கரண்டி தண்ணீர் கொட்டும். அதனால் மனுஷன் சொல்வதை நான் காதில் வாங்குவதே கிடையாது, கேமரா சொல்வதைத்தான் கேட்பேன். இதை நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சிரிக்காதே அண்ணன் எனக்கு வெகுநாள் பழக்கம். இரண்டு தெரு தள்ளி ஒரே அறையில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட், அடையாள அட்டை, விண்ணப்பத்துக்கு ஒட்டுகிற படம், இவ்வளவுதான் அவர் தொழில். ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து, "முதுகை நிமிர்த்துங்க, தாடையை இறக்குங்க, சிரிக்காதீங்க, பல்லு தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவான்" என்பார். அவர் முகத்தை அவ்வளவு கடுமையாக வைத்துக்கொண்டு சொல்வதைப் பார்த்தால் யாருக்குமே சிரிப்பு வந்துவிடும். உடனே அவருக்குக் கோபம் வரும். மறுபடி முதலிலிருந்து முதுகு, தாடை, பல். தெருவே அவரைச் சிரிக்காதே என்றுதான் கூப்பிட்டது. அவருக்கும் தெரியும். வயது ஐம்பத்தெட்டு. கண்ணாடி போட்டதில்லை, அதில் அவருக்கு ஒரு பெருமை. ஊசியில் நூல் கோப்பதற்கு அவர் மனைவி இன்னமும் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்.

முதல் தடவை வந்தபோது கேமராவை என் மேஜையில் டொக்கென்று வைத்தார்.

"பாருடா தம்பி. நாலு வருஷம்கூட ஆகல வாங்கி. மூஞ்சி மங்குது."

"கீழ போட்டீங்களா அண்ணே?"

"என்னைப் பார்த்தா கேமராவைக் கீழ போடுறவன் மாதிரியா இருக்கு?"

அவரைப் பார்த்தால் அப்படி இல்லை. நான் லென்ஸைக் கழற்றித் துடைத்தேன், லென்ஸும் கேமராவும் சேருகிற தொடுமுனைகளைத் துடைத்தேன், சுவர்த்தாளைப் படம் எடுத்தேன். பொடி எழுத்து பளிச்சென்று வந்தது. கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரத்தில் மறுபடி வந்தார். இந்தத் தடவை இன்னொரு குறையும் சேர்ந்திருந்தது. கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டை வழியாகப் பார்த்தால் கதவுச் சட்டம் வளைந்து தெரிகிறதாம். "பாம்பு மாதிரி நெளியுதுடா" என்றார். நான் பார்த்தேன். சட்டம் சட்டமாகத்தான் இருந்தது. படம் எடுத்துப் பார்த்தேன், அதிலும் நேராகத்தான் இருந்தது. ஓட்டையில் வளைந்து, படத்தில் நேராக வருகிற கோளாறு எந்தக் கேமராவிலும் கிடையாது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே இருக்கிற கண்ணாடியில் அழுக்கு இருக்கும் என்று சொல்லி, மூன்று நாள் வைத்திருந்து, முழுதாகப் பிரித்து, ஒன்றும் இல்லாததைக் கண்டு, திரும்பப் பூட்டிக் கொடுத்தேன்.

மூன்றாவது தடவை அவர் வந்தபோது பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிரிக்காதே ஒரு காகித உறையை என் மேஜையில் கவிழ்த்தார். சின்னச் சின்னப் படங்கள், எல்லாம் திரும்பி வந்தவை. ஏதோ ஒரு அலுவலகத்தில் ஒவ்வொன்றின் முதுகிலும் 'தெளிவில்லை' என்று முத்திரை குத்தியிருந்தார்கள்.

"என் முப்பது வருஷத்துல ஒரு படம் திரும்பி வந்ததில்ல. நாளை மறுநாள் நர்சிங் ஸ்கூல்ல நானூறு பிள்ளைங்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கணும். அதுவும் இப்படிப் போச்சுன்னா இந்த ஊர்ல எவன் என் வாசல்ல ஏறுவான்? உனக்குத் தொழில் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடு. என்னை ஏன் நாய் மாதிரி அலைய விடுற?"

பெஞ்சில் இருந்த ஒருவர் தன் கேமராவை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எனக்கு எப்போதுமே மூக்கு நுனியில்தான் கோபம், என் வீட்டுக்காரி அடிக்கடி சொல்வாள். ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "வெச்சுட்டுப் போங்க அண்ணே, நாளைக்குக் காலைல வாங்க" என்றேன்.

எல்லோரும் போன பிறகு அவருடைய கேமராவை மேஜையில் வைத்துக்கொண்டு அதில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் அவர் ஓரம் வெட்டி அச்சடித்த சின்னப் படங்கள். வெட்டாத முழுப் படத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒவ்வொரு படத்திலும் ஆள் ஓரத்தில் இருந்தார். நடுவில் இருந்தது பின்னால் தொங்குகிற சாம்பல் நிறத் துணி. அந்தத் துணி எவ்வளவு தெளிவு என்கிறீர்கள்! நூலை எண்ணிவிடலாம். பக்கத்தில் முகம் மட்டும் எண்ணெய்த்தாள் வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. அந்தக் கேமராவில் நடுப்புள்ளி எங்கே விழுகிறதோ அங்கேதான் ஃபோகஸ் விழும். அவர் நடுப்புள்ளியை முகத்தில் வைப்பதாக நினைத்துக்கொண்டு காதுக்குப் பக்கத்தில் துணியின் மேல் வைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு முந்தைய படங்களைத் தேடி எடுத்தேன். அதில் மூக்கு சரியாக நடுவில் இருந்தது. நாலு மாதத்துக்கு முந்தையதில் கொஞ்சம் நகர்ந்திருந்தது. போன மாதம் இன்னும் கொஞ்சம். முகங்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஓரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன.

கேமரா அவர் பார்க்கச் சொன்ன இடத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறது. கோளாறு அவருடைய கண்ணில். அந்த நிமிஷமே எனக்கு அது தெரிந்துவிட்டது. அப்போது சரியாகப் புரியவில்லை, சந்தேகமாகத்தான் இருந்தது என்றெல்லாம் பின்னால் என் வீட்டுக்காரியிடம் சொல்லிப் பார்த்தேன். அது பச்சைப் பொய்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே படியில் நின்றிருந்தார். முந்தின நாள் சத்தம் போட்ட மனிதர் மாதிரியே இல்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். 'அண்ணே, கோவிச்சுக்காதீங்க, ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துடுங்க.' இவ்வளவுதான். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

"கேமராதானே தம்பி? வேற ஒண்ணும் இல்லையே?"

ஒரு மனிதர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று யோசிக்காதவன் மனிதனா? நான் யோசிக்கவில்லை. நான் யோசித்தது வேறு. கண் என்று சொன்னால் இவர் எகிறுவார், ஊசி நூல் கதையை ஆரம்பிப்பார், ஒரு மணி நேரம் சண்டை போடுவார், நாலு பேரிடம் போய் 'ரிப்பேர் பண்ணத் தெரியாம என் கண்ணு மேல பழியைப் போடுறான்' என்பார். இன்னொரு பக்கம் நர்சிங் ஸ்கூல் பிள்ளைகள் நானூறு பேர். பாவம் பார்த்துத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் முதலில் வந்தது பாவம் இல்லை. தொல்லை விட்டால் போதும் என்பதுதான் முதலில் வந்தது.

"கேமராதான் அண்ணே" என்றேன். "உள்ள ஒரு செட்டிங் நகர்ந்து போயிருக்கு. நேத்து கண்டுபிடிச்சுட்டேன். பத்து நிமிஷம் உக்காருங்க."

அவர் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அந்தக் கேமராவில் ரிப்பேர்க்காரர்கள் மட்டும் திறக்கிற ஒரு பட்டியல் உண்டு. அதில் ஃபோகஸை முன்னாலும் பின்னாலும் நகர்த்த ஒரு எண் இருக்கும். நல்ல கேமராவில் அது பூஜ்யத்தில் நிற்கும். நான் அதைப் பூஜ்யத்திலிருந்து எடுத்து ஓரத்துக்குத் தள்ளினேன். இனி அவர் துணியைப் பார்த்தால் கேமரா துணிக்கு ஒரு சாண் முன்னால் பார்க்கும். முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் கூடுதலாகத் தெளிவு கிடைக்க லென்ஸின் துவாரத்தையும் சுருக்கி வைத்தேன். வெளிச்சம் குறையும், விளக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். சுவர்த்தாளைப் படம் எடுத்துப் பார்த்தேன். பொடி எழுத்து மங்கியிருந்தது. இருபத்தி மூன்று வருஷத்தில், மங்கலைப் பார்த்து வேலை முடிந்தது என்று நான் திருப்திப்பட்டது அன்றைக்குத்தான்.

அவர் முன்னால் இறங்கிப் போனார், நான் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் ஸ்டூடியோவுக்குப் போனேன். என்னையே ஸ்டூலில் உட்கார வைத்து எடுத்தார். முதுகு, தாடை, பல். படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, திரைக்குப் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். என் புருவ முடி தனித்தனியாகத் தெரிந்தது.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "வயித்துல பாலை வார்த்தடா" என்றார். "நேத்து உன்னைக் கண்டபடி பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே சாப்பிடும்போது என் வீட்டுக்காரியிடம் ஏதோ பெரிய சாமர்த்தியம் போல இதைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவர் கண்ணு?"

"அதான் படம் நல்லா வருதே."

"படத்தைக் கேக்கல. கண்ணைக் கேட்டேன்."

"ஒரு வாரம் போகட்டும், பக்குவமாச் சொல்லிக்கலாம்."

"நீங்களா? பக்குவமா?" என்றாள்.

ஒரு வாரம் போனது. நானூறு பிள்ளைகளின் படமும் நன்றாக வந்துவிட்டது. சிரிக்காதே தெருவெல்லாம் என்னைத் தூக்கி வைத்துப் பேசினார். எவனாலும் முடியாததை அவன் பத்து நிமிஷத்தில் முடித்தான் என்றார். புதிதாக நாலைந்து பேர் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு படியேறி வந்தார்கள். இப்போது போய் அன்றைக்கு நான் செய்தது ஏமாற்று வேலை என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். தள்ளத் தள்ள அது கனத்துக்கொண்டே போனது. இரண்டாவது மாதம் ஒரு நாள் மருந்துக் கடை வாசலில் எதிரே வந்தார். நேராக என்னைப் பார்த்துக்கொண்டே வந்தவர், யாரோ எவரோ என்று தாண்டிப் போனார். "அண்ணே" என்று கூப்பிட்டேன். குரலைக் கேட்டதும் திரும்பி, "அட நீயா, ஏதோ யோசனையில வந்தேன்" என்று சிரித்தார். பேசும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் யாரோ நிற்பது போல அங்கே பார்த்துப் பேசினார்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "கேமரா எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டேன். "தங்கம்" என்றார். கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். நானும் வந்துவிட்டேன். கோழை என்று யாராவது என்னைச் சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை.

அதற்கு மூன்று வாரம் கழித்து அவர் மனைவி என் கடைக்கு வந்தார். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். இதற்கு முன் அவர் படியேறி வந்ததே இல்லை. மூச்சு வாங்க பெஞ்சில் உட்கார்ந்து, தோளில் மாட்டியிருந்த கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க அண்ணன் கொடுத்து விட்டார் தம்பி. மறுபடி அதே மாதிரி மங்குதாம். அன்னிக்குப் பண்ணின மாதிரியே பண்ணித் தரச் சொன்னார்."

"அவர் வரலையா?"

அண்ணி பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு எல்லாம் ஒரேயடியாக வந்தது. வெள்ளிக்கிழமை வாசல்படி தெரியாமல் கால் தவறி விழுந்து புருவம் கிழிந்துவிட்டது. தையல் போட்ட டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டி, கோடெல்லாம் எப்படித் தெரிகிறது என்று கேட்டார்களாம். வலது கண்ணில் நடுப் பார்வை போய்விட்டது, உள்ளே தழும்பு விழுந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. இந்த வாரத்துக்குள் ஊசி போட ஆரம்பித்தால் அதைக் காப்பாற்றப் பார்க்கலாம். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் வலது கண்ணையும் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்த டாக்டர் திட்டினாராம்.

"ஊசி போட்டாச்சா?" என்றேன்.

"எங்க போட விடுறார்? கண்ணுல ஊசியான்னு எழுந்து வந்துட்டார். 'இவனுங்களுக்கு என்ன தெரியும், மூணு மாசம் முன்னாடியும் இப்படித்தான் மங்குச்சு, தம்பியே மொதல்ல கேமராவுல ஒண்ணும் இல்லன்னான், அப்புறம் அவன்தான் பார்த்துச் சரி பண்ணான், அதுக்கப்புறம் தெளிவா வரலையா'ன்னு என்கிட்டயே கேக்குறார். நான் என்ன சொல்ல? படம் நல்லாத்தானே வந்துச்சு? மூணு நாளா ஸ்டூடியோவுல போய் உக்காந்திருக்கார். ஆஸ்பத்திரின்னு சொன்னாலே சண்டை." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, உங்க பேச்சைத்தான் அவர் கேப்பார். இந்தக் கேமரா இனிமே தேறாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதுக்காகவாவது அடங்குவார்."

பாருங்கள், இன்னொரு பொய் சொல்ல எனக்கு எவ்வளவு சுலபமாக வழி விட்டார்கள். கேமரா செத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் என்ன செய்வார்? வேறு கேமரா வாங்குவார். அதுவும் மங்கும். அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார். அதற்குள் இடது கண்ணும் போய்விடும்.

"அண்ணி, அந்தக் கேமராவுல அன்னிக்கே எந்தக் கோளாறும் இல்ல."

அவருக்குப் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஓரத்துக்குப் போன முகங்கள், துணி, நான் தள்ளிய எண், எல்லாம். சொல்லும்போது மேஜை மேல் இருந்த திருகு டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அண்ணி எழுந்து நின்றிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"வாங்க" என்றார். "இதை அவர்கிட்ட சொல்லுங்க."

கடையைச் சாத்திவிட்டு அவர் பின்னால் நடந்தேன். இரண்டு தெரு. அவர் திரும்பியே பார்க்கவில்லை. எப்போதும் மூட்டு வலி என்று மெதுவாக நடப்பவர் பின்னால் அன்றைக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

ஸ்டூடியோவில் சிரிக்காதே, படம் எடுக்க வருகிறவர்கள் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். புருவத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி. முகத்தில் நாலு நாள் தாடி. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

"யாரு, தம்பியா? நீயே வந்துட்டியா? ஆச்சா?"

"அண்ணே, கேமராவுல ஒண்ணும் இல்ல."

"மறுபடி ஆரம்பிக்காதடா. மொதல் ரெண்டு தடவையும் இப்படித்தான் சொன்ன. மூணாவது தடவை கண்டுபிடிச்ச இல்ல?"

"மூணாவது தடவையும் ஒண்ணும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். உங்க கண்ணுதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க பக்கத்துல துணியைப் பார்த்துக்கிட்டு மூஞ்சியைப் பார்க்கறதா நினைச்சீங்க. அதுக்குத் தகுந்த மாதிரி நல்ல கேமராவை நான் கெடுத்து வெச்சேன். அது துணிக்கு முன்னாடி இருக்கற மூஞ்சியைப் பிடிச்சுது. இப்போ உங்க பார்வை துணியையும் தாண்டி ஓரத்துச் சுவருக்குப் போயிடுச்சு, அதான் மங்குது. டாக்டர் சொல்றது சரி அண்ணே. தயவு பண்ணி ஊசி போட்டுக்கங்க."

அவர் தன் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். வலது கண்ணால் என்னைப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். இதுவரை ஒரு தடவைகூடச் செய்து பார்க்காததை அப்போதுதான் செய்கிறவர் மாதிரி ரொம்பப் பொறுமையாகச் செய்தார்.

"சட்டை தெரியுது" என்றார். "ரெண்டு தோளும் தெரியுது. மூஞ்சி இருக்கற இடத்துல ஒண்ணுமே இல்லடா."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். நான் அண்ணன் காலில் விழப் போனேன். நாடகம் என்று நினைப்பாரோ என்று பயமாக இருந்தது. நின்றுவிட்டேன்.

அவர் கண்ணிலிருந்து கையை எடுத்தார். கோபமே இல்லாமல், ஏதோ கணக்கு விட்டுப்போனதைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அன்னிக்கு நான் உன்கிட்ட கேட்டேன் இல்ல? கேமராதானே, வேற ஒண்ணும் இல்லையேன்னு."

"கேட்டீங்க அண்ணே."

"அன்னிக்குக் காலைல ஏழு மணிக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். எனக்கே சந்தேகம்தான். ராத்திரி பூரா தூங்கல. இவகிட்டகூடச் சொல்லல. வரிசையில நின்னு டோக்கன் வாங்கினேன். பதினோரு மணிக்கு வரச் சொன்னாங்க. நடுவுல நேரம் இருந்துச்சேன்னு உன் கடைக்கு வந்தேன்." புருவத்துப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார். "நீ கேமராதான்னு சொன்னதும் அந்த டோக்கனை உன் படியிலேயே கிழிச்சுப் போட்டுட்டு இறங்கினேன்."

பக்கத்தில் இருந்த விளக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் துண்டுக் காகிதங்களை நான்தான் கூட்டித் தள்ளியிருப்பேன். தினமும் படியைக் கூட்டுகிறவன் நான்தான். மன்னிப்புக் கேட்டாலும் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

"ஃபைலை எடுத்துக்கோ" என்றார் அண்ணியிடம். "போலாம். இன்னிக்கே போட்டுக்கறேன்."

எழுந்தார். ஸ்டூலைக் கையால் தடவி ஓரத்தில் நகர்த்தி வைத்தார். நான் ஆட்டோ பிடித்து வருகிறேன் என்றேன். அண்ணி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அண்ணன் கையைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டார். வாசல்படிக்கு வந்ததும், "படி" என்றார் மெதுவாக. அண்ணன் காலால் தேடி இறங்கினார். இறங்கினவர் அங்கேயே நின்றார். என் பக்கம் திரும்பவில்லை.

"அந்தக் கேமராவைச் சரி பண்ணி வெச்சுட்டுப் போ. வித்துடலாம்னு இருக்கேன். வாங்கறவனுக்குக் கண்ணு நல்லா இருக்கும்."

அவர்கள் தெருவில் போவதை வாசலில் நின்று பார்த்தேன். பிறகு உள்ளே வந்து கேமராவைப் பையிலிருந்து எடுத்தேன். பட்டியலைத் திறந்து, நான் ஓரத்துக்குத் தள்ளிய எண்ணைத் திரும்பப் பூஜ்யத்தில் கொண்டுவந்து வைத்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.